கணக்கில் வராத நாள்கள்



இணையவழி அரசு சேவைகளின் செயல்திறனை எப்படி அளப்பது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வறட்சியான தலைப்புதான். கூட்டம் பாதியிலேயே கரைந்துவிடுமோ என்று அமைப்பாளர்கள் பயந்திருந்தால் அதில் தப்பில்லை. ஆனால் சாதிச் சான்றிதழுக்கோ பட்டா மாறுதலுக்கோ வாரிசுச் சான்றிதழுக்கோ அலையாத குடும்பம் ஒன்றுகூட இந்த அரங்கில் இருக்காது. ஆகவே விஷயம் உங்களுக்குத் தெரிந்ததே. உங்களுக்குத் தெரிந்தது அரசாங்கத்தின் கணக்கில் மட்டும் ஏன் தெரிவதில்லை என்பதுதான் என் பேச்சு.

பெரிய எண்ணை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஐக்கிய நாடுகள் சபை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மின்னாளுமையில் நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2024 பட்டியலில் டென்மார்க் முதலிடம், எஸ்டோனியா இரண்டாவது, சிங்கப்பூர் மூன்றாவது. இந்தியா 97. அதற்கு முந்தைய 2022 பட்டியலில் நாம் 105. எட்டு இடம் முன்னேறியிருக்கிறோம், மகிழ்ச்சி. ஆனால் இந்த மதிப்பெண் மூன்று குறியீடுகளின் சராசரி: இணையச் சேவை ஒன்று, தொலைத்தொடர்புக் கட்டமைப்பு ஒன்று, மனித வளம் ஒன்று. செல்போன் இணைப்புகள் பெருகினாலும் மதிப்பெண் ஏறும், பள்ளிக்கூடம் போகிறவர்கள் கூடினாலும் ஏறும். உங்கள் தாலுகா ஆபீசில் ஒரு மனுகூட முன்பைவிட வேகமாக நகராமலேயே நாடு மேலே போகலாம். நாட்டை நாட்டோடு ஒப்பிட அந்தப் பட்டியல் உதவும். ஒரு சேவையில் எங்கே பழுது என்று கண்டுபிடிக்க உதவாது.

அடுத்தது நம் சொந்த எண். தேசிய தகவலியல் மையம் 2013-ல் இ-தால் என்றொரு தளத்தைத் தொடங்கியது. மத்திய, மாநில அரசுகளின் மின்பரிவர்த்தனைகளை எண்ணிக்கொண்டே இருக்கும் தளம் அது. திறந்து பார்த்தால் எண்கள் ஓடிக்கொண்டிருக்கும், பார்க்க ஒரு பரவசம்தான். சான்றிதழ் வாங்குவதும் அங்கே பரிவர்த்தனை, மின்கட்டணம் கட்டுவதும் பரிவர்த்தனை, தகவல் பார்ப்பதும் ஒரு வகைப் பரிவர்த்தனை. தனித்தனி வகையாகத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள், அந்த நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒன்றை யோசியுங்கள். மனு என்ன ஆயிற்று என்று தெரியாத ஒருவர் தினமும் இணையதளத்தைத் திறந்து பார்க்கிறார். அவருடைய தவிப்பு கூடக்கூட பரிவர்த்தனை எண்ணிக்கையும் கூடத்தானே செய்யும்?

வருகையை எண்ணுவதில் உள்ள ஆபத்தை அமெரிக்கா ஒரே நாளில் பார்த்தது. மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த்கேர் டாட் கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. முதல் நாளில் 47 லட்சம் பேர் வந்தார்கள். வருகையை வைத்து மதிப்பெண் போட்டால் அமோக வெற்றி. அன்று காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் எத்தனை பேர் என்பது பிறகு நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் தெரிந்தது. 6 பேர். ஆறு லட்சமோ ஆறாயிரமோ இல்லை, ஆறே பேர்.

ஆக, எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட வந்தவர்களில் எத்தனை பேர் காரியத்தை முடித்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் கேள்வி. பள்ளியில் படித்த பின்னக் கணக்குதான் இது. மேலே தொகுதி, கீழே பகுதி. அரசு அறிக்கைகள் எல்லாம் தொகுதியைத்தான் பெரிய எழுத்தில் போடும். பகுதியில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இதை ஓரளவு ஒழுங்காகச் செய்ய முயன்றது பிரிட்டன். 2011-ல் அங்கே அரசு டிஜிட்டல் சேவை என்றொரு பிரிவு தொடங்கப்பட்டது. துறைக்கொரு வலைத்தளம் என்று சிதறிக் கிடந்ததை ஒன்றாக்கி, 2012 அக்டோபரில் கவ் டாட் யூகே என்ற ஒரே தளத்தைக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு விதி போட்டார்கள். ஒவ்வொரு சேவையும் நான்கு எண்களை அளந்து வெளியிட வேண்டும். ஒரு பரிவர்த்தனைக்கு அரசுக்கு ஆகும் செலவு, பயன்படுத்தியவரின் திருப்தி, தொடங்கியவர்களில் முடித்தவர்களின் விகிதம், மொத்தப் பயனாளிகளில் இணையவழி வருபவர்களின் விகிதம். இவற்றைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு தளத்தில் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் போய், ஓட்டுநர் உரிமச் சேவை எப்படி நடக்கிறது, வாகன வரி எப்படி என்று பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தளத்தை 2021-ல் மூடிவிட்டார்கள். நான்கு அளவைகளும் விதிப்புத்தகத்தில் இன்னும் இருக்கின்றன.

நான்கும் நல்ல அளவைகள்தான். ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு உதைக்கிறது.

ஒன்று செலவு. இணையவழிப் பரிவர்த்தனை, தொலைபேசியைவிட 20 மடங்கும், தபாலைவிட 30 மடங்கும், நேரில் பார்ப்பதைவிட 50 மடங்கும் மலிவாக இருக்கும் என்று 2012-ல் அவர்கள் கணக்குக் காட்டினார்கள். யாருக்கு மலிவு? அரசுக்கு. கவுண்டரில் குமாஸ்தா செய்துவந்த தட்டச்சை இப்போது மனுதாரர் செய்கிறார். அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவருக்குக் காசு கொடுத்துச் செய்விக்கிறார். அந்தக் காசு எந்தத் துறையின் செலவுக் கணக்கிலும் ஏறாது. செலவு குறையவில்லை, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாறியிருக்கிறது.

இன்னொன்று இணையவழி வருபவர்களின் விகிதம். இதைக் கூட்டுவதற்குச் சேவையைச் சீராக்குவது ஒரு வழி. மற்ற கதவுகளைச் சாத்துவது இன்னொரு வழி. இரண்டாவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். எண் தானாக நூறைத் தொடும். அப்படித் தொட்ட நூறு எதைக் காட்டுகிறது?

பிரிட்டனின் வெரிஃபை கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தான் யார் என்பதை இணையத்தில் ஒரு முறை நிரூபித்துவிட்டால், எல்லா அரசு சேவைகளையும் அதை வைத்தே பெறலாம் என்ற திட்டம் அது. நம் ஆதார் மாதிரி ஒரே எண் கிடையாது. தனியார் நிறுவனங்கள் சிலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் வழியாக அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2016-ல் நடைமுறைக்கு வந்தது. 2020-க்குள் இரண்டரைக் கோடிப் பேர் பயன்படுத்துவார்கள் என்பது இலக்கு. 2019 மார்ச்சில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டு பிப்ரவரி வரை சேர்ந்தவர்கள் 36 லட்சம். சரிபார்ப்பில் வெற்றி பெறுபவர்கள் 90 சதவீதம் இருப்பார்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள், உண்மையில் இருந்தது 48.

தணிக்கையாளர்கள் அதோடு விடவில்லை. அந்த 48-ன் அடியில் இருந்த பகுதியைத் தோண்டினார்கள். விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியிலேயே விலகிப்போனவர்கள் அதில் சேர்க்கப்படவே இல்லை. கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களிலேயே பாதிப் பேருக்குமேல் தோற்றிருக்கிறார்கள் என்றால், சலித்துப்போய் மூடிவிட்டு எழுந்தவர்களையும் சேர்த்தால் என்ன ஆகும்? இன்னொரு தகவல் இதைவிடக் கசப்பானது. யூனிவர்சல் கிரெடிட் என்பது வேலையற்றோருக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அந்நாட்டில் தரப்படும் உதவித்தொகை. அதற்கு விண்ணப்பித்தவர்களில் இணையத்தில் அடையாளத்தை நிரூபிக்க முடிந்தவர்கள் 38 சதவீதம்தான். மொத்தச் சராசரியைவிடக் குறைவு. காரணம் ஊகிக்கக் கூடியதே. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வங்கிக் கடன் வரலாறு எல்லாம் கையில் உள்ளவருக்கு அடையாளச் சோதனை சுலபம். அவை இல்லாதவருக்குத்தான் உதவித்தொகை அவசரம். ஒரே சேவை, ஒரே திரை, ஆனால் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அதிகம் கைவிரிக்கிறது. சராசரி எண் இதைச் சொல்லாது, ஆளைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் திட்டம் 2023-ல் முடிந்துபோனது.

அங்கே ஒரு தோல்வி இவ்வளவு துல்லியமாகத் தெரியவந்ததற்கு, எண்ணை வெளியே வைத்ததும், அதைத் தோண்டிப் பார்க்க ஒரு சுதந்திரமான அலுவலகம் இருந்ததுமே காரணம். நாம் தோல்வியே அடைவதில்லை என்று தோன்றினால், யாரும் தோண்டவில்லை என்று பொருள் கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை மாணவிதான், ஆனால் கேட்டால் உங்கள் தெருவிலேயே இருப்பதாகச் சொல்வீர்கள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். குடும்பத்தில் யாரும் கல்லூரிப் படியை மிதித்ததில்லை. பொறியியல் கலந்தாய்வில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும் என்று பள்ளி ஆசிரியை சொல்கிறார். அவளுடைய தேவை அன்றைக்குத் தொடங்குகிறது.

அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். அவருடைய டிசி வேண்டும் என்கிறார்கள். வீட்டில் இல்லை, அவர் படித்த ஊருக்குப் போய் வாங்கி வர வேண்டும். அண்ணனுடைய டிசி, ரேஷன் கார்டு, ஆதார், எல்லாவற்றையும் சேகரிக்கச் சில நாள்கள். பிறகு இ-சேவை மையம். முதல் நாள் சர்வர் இல்லை. இரண்டாம் நாள் சர்வர் இருக்கிறது, ஆனால் ஓடிபி அப்பாவின் செல்போனுக்குப் போகிறது. அப்பா லாரியோடு நெல்லூர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார், சிக்னல் இல்லை. மூன்றாம் நாள் எல்லாம் கூடிவருகிறது. ரேஷன் கார்டின் ஸ்கேன் படம் அளவு பெரிது என்று தளம் திருப்பியடிக்கிறது. மையத்தில் இருக்கும் தம்பி அதைச் சுருக்கிச் சுருக்கி, எழுத்தே தெரியாத அளவுக்குக் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறார். மனுவில் தொடர்பு எண் கேட்கிறது. வீட்டில் உள்ள ஒரே போன் அப்பாவிடம், எனவே மையத்தின் எண்ணையே போட்டுக்கொள்கிறார்கள். 60 ரூபாய் கட்டியதும் ரசீது வருகிறது.

இந்த ரசீது அச்சாகும் வினாடியில்தான் அரசாங்கத்தின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

மனு கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது. அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகம். இடையில் ரேஷன் கார்டு தெளிவாக இல்லை என்று ஒரு குறிப்பு விழுகிறது. குறுஞ்செய்தி ஒழுங்காகத்தான் போகிறது, ஆனால் மையத்துத் தம்பியின் போனுக்குப் போகிறது. அவருக்கு அன்றைக்கு அப்படி ஐம்பது செய்தி. மாணவி விவரம் தெரிந்து போய்க் கேட்கும்போது மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது. மறுபடி 60 ரூபாய், மறுபடி ஸ்கேன், புதிய விண்ணப்ப எண். இந்த முறை நாலே நாளில் சான்றிதழ் வந்துவிடுகிறது.

இப்போது டேஷ்போர்டைப் பாருங்கள். இரண்டு மனுக்கள் வந்தன, இரண்டும் கெடுவுக்குள் முடிக்கப்பட்டன, இரண்டுமே இணையவழி. நூற்றுக்கு நூறு. அந்த வீட்டில் போய்க் கேளுங்கள். ஒரே சான்றிதழ், இரண்டு கட்டணம், அப்பாவுக்கு ஒரு டிரிப் வாடகை நஷ்டம், கலந்தாய்வுத் தேதி நெருங்க நெருங்க அம்மாவுக்குத் தூக்கமில்லை. இரண்டு கணக்கிலும் பொய் இல்லை. ஒருவர் ரசீதிலிருந்து எண்ணுகிறார், இன்னொருவர் ஆசிரியை சொன்ன நாளிலிருந்து எண்ணுகிறார். அளவீட்டைப் பற்றி நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த வித்தியாசம்தான்.

கெடு வைப்பதே தவறு என்று சொல்லவில்லை. மத்தியப் பிரதேசம் 2010-ல் பொதுச் சேவை உறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அது இந்தியாவுக்கே புதிது. தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5000 ரூபாய் அபராதம். கர்நாடகம் 2011-ல் சட்டம் போட்டு அடுத்த ஆண்டில் சகாலா என்று நடைமுறைப்படுத்தியது. அங்கே மனுதாரருக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய், 500 ரூபாய் வரை இழப்பீடு. தொகை சொற்பம். ஆனால் கையில் ஒரு எண்ணைக் கொடுத்து, இந்தத் தேதிக்குள் தராவிட்டால் நாங்கள் உனக்குக் கடன் என்று அரசு எழுதிக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. கெஞ்சப் போனவரை உரிமையோடு கேட்க வைக்கும் ஏற்பாடு அது.

சிக்கல் வேறிடத்தில். கெடுவுக்குள் முடிப்பதுதான் அளவுகோல் என்றால், நிராகரிப்பதும் முடிப்பதே. 15 நாள் கெடுவில் 14-ம் நாள் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டால் அதிகாரிக்கு அபராதமும் இல்லை, அவப்பெயரும் இல்லை. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. இரண்டு ஆள் செய்ய வேண்டிய வேலையை ஒரு ஆள் பார்க்கும் அலுவலகத்தில் இது தானாக நடக்கும். பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-ல் பண அளவுக் கொள்கையைப் பற்றி எழுதும்போது, கட்டுப்படுத்துவதற்காக ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்து அழுத்தினால் அது நம்பகத்தன்மையை இழந்துவிடும் என்ற பொருளில் சொன்னார். வங்கிக்குச் சொன்னது வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

சராசரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 மனுக்களில் 90 மூன்றே நாளில் முடிகின்றன, 10 மட்டும் 60 நாள் கிடக்கின்றன என்று வையுங்கள். சராசரி 8.7 நாள். கெடு 15 நாள் என்றால் மாவட்டத்துக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைக்கும். அந்தப் பத்துப் பேர் யார்? பெரும்பாலும் பெயரில் இனிஷியல் மாறியவர்கள், கூட்டுப்பட்டாவில் சிக்கியவர்கள், ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், கணவர் விட்டுப்போன பெண்கள். சராசரியை வெளியிடும் துறையிடம், உங்களிடம் மிக மெதுவாக நகர்ந்த பத்தில் ஒரு பங்கு மனுக்கள் எத்தனை நாள் எடுத்தன என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி நிறைய கதவைத் திறக்கும்.

திருப்தி நட்சத்திரங்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சான்றிதழைப் பதிவிறக்கிய பிறகுதான் ஐந்து நட்சத்திரம் கேட்கிறார்கள். கிடைக்காதவருக்கு அந்தப் பக்கமே வராது. நம் மையங்களில் பல நேரம் நட்சத்திரத்தை அழுத்துவதும் மையத்துத் தம்பிதான்.

தொலைபேசி அழைப்புகள் சுவாரசியமானவை. ஜான் செடன் என்ற பிரிட்டிஷ் நிர்வாக ஆலோசகர் ஒரு பாகுபாடு செய்தார். மக்கள் ஓர் அலுவலகத்தை நாடுவதில் இரண்டு வகை. ஒன்று, உண்மையான தேவைக்காக வருவது. மற்றது, முதல் முறை ஒழுங்காகச் செய்யாததால் மறுபடி வருவது. மனு என்ன ஆச்சு, எந்தத் தாள் குறைகிறது, ஏன் திருப்பினீர்கள், இவை எல்லாம் இரண்டாம் வகை. அங்கே 2008-ல் உள்ளாட்சி மன்றங்கள் தவிர்த்திருக்கக்கூடிய தொடர்புகளை எண்ணி அறிக்கை தர வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. 2010-ல் கைவிட்டது. அதை ஓர் இலக்காக மாற்றியதை செடனே கடுமையாக விமர்சித்தார். அலுவலர்கள் ஒவ்வொரு அழைப்புக்கும் முத்திரை குத்துவதில் மூழ்கிவிட்டால் பழுதை யார் பார்ப்பது? ஆனால் கருத்து பொன்னானது. நம்மிடம் முதல்வரின் முகவரி இருக்கிறது, 1100 எண் இருக்கிறது. எத்தனை அழைப்புக்குப் பதில் சொன்னோம் என்று பெருமைப்படுவதைவிட, அவற்றில் எத்தனை அழைப்பு எழுந்திருக்கவே தேவையில்லை என்று மாதத்தில் ஒரு வாரம் மட்டும் பிரித்துப் பார்த்தால், எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் மக்கள் விழுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் எப்படி அளக்கலாம்? புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சாமுவேல் பால் 1993-ல் பெங்களூரு மக்களிடம் கேட்டு, மறு ஆண்டு ஒரு மதிப்பெண் அட்டையை வெளியிட்டார். மாநகராட்சி, மின்வாரியம், குடிநீர் வாரியம், நகர வளர்ச்சி ஆணையம் எல்லாவற்றுக்கும் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல மதிப்பெண். 1999-லும் 2003-லும் திரும்பவும் செய்தார்கள். துறையின் பதிவேட்டைத் தொடவே இல்லை. காரியம் ஆயிற்றா, எத்தனை முறை போனீர்கள், கைக்காசு கொடுத்தீர்களா என்று வீட்டு வாசலில் கேட்டார்கள். ஆமதாபாத் ஐஐஎம் பேராசிரியர் சுபாஷ் பட்நாகரும் மின்னாளுமைத் திட்டங்களை ஆராய்ந்தபோது இதே கேள்விகளைத்தான் அளவுகோலாக வைத்தார். எத்தனை நடை, எவ்வளவு நேரம் காத்திருப்பு, எவ்வளவு லஞ்சம். கணினி வருவதற்கு முன்னும் பின்னும் இவற்றை ஒப்பிட்டார்.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னொரு வழியில் போனது. 2001-ல் தொடங்கும்போது 20 அடிப்படைச் சேவைகளை எடுத்து, அவை எந்த அளவுக்கு இணையத்தில் இருக்கின்றன என்று மட்டும் பார்த்தார்கள். 2010-ல் அவற்றில் 82 சதவீதம் முழுமையாக இணையத்துக்கு வந்துவிட்டன. எல்லாப் பிள்ளையும் நல்ல மார்க் வாங்கும் பரீட்சையால் என்ன பயன்? அளவுகோலையே மாற்றினார்கள். வேலை இழப்பது, தொழில் தொடங்குவது, குடும்பத்தோடு வீடு மாறுவது என்று வாழ்க்கையில் வரும் சந்தர்ப்பங்களை எடுத்து, பயிற்சி பெற்ற ஆள்களைச் சாதாரணக் குடிமக்களாகத் தளங்களுக்குள் அனுப்பி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடக்கச் சொன்னார்கள். மாறுவேடத்தில் நகர்வலம் போகும் ராஜா கதை நமக்குத் தெரியாததா? அவர் அரண்மனையிலேயே உட்கார்ந்து மந்திரியிடம் மாதம் மும்மாரி பொழிகிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் கதையே இல்லை.

இந்திய அரசும் 2019-லிருந்து தேசிய மின்சேவை வழங்கல் மதிப்பீடு என்று மாநிலங்களை ஒப்பிடுகிறது. அணுகுவது எளிதா, பயன்படுத்துவது எளிதா, நிலையைத் தெரிந்துகொள்ள முடிகிறதா, தகவல் பாதுகாப்பு எப்படி என்றெல்லாம் பார்க்கிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சி. தளத்தின் தரம் அதில் நன்றாகவே தெரியும். ஆனால் மையத்தின் வாசலில் நிற்கும் அந்த மாணவி தளத்தைத் தொடுவதே இல்லையே.

செலவு ஆகுமே, ஆள் ஏது என்று கேட்பீர்கள். காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாவட்டத்தில் ஓராண்டு வந்த மனுக்களை எடுங்கள். ஒரே செல்போன் எண் எத்தனை மனுக்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். நூற்றுக்கணக்கான மனுவில் வரும் எண் மனுதாரருடையதாக இருக்க முடியாது. அந்த மனுக்களின் குறுஞ்செய்தி யாரையும் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, ஒரே ஆளின் பெயரில் ஒரே சான்றிதழுக்கு இரண்டாவது, மூன்றாவது மனு எத்தனை என்று பாருங்கள். அவற்றை ஒரே மனுவாக இணைத்து, முதல் ரசீதிலிருந்து கடைசிச் சான்றிதழ்வரை நாள்களை எண்ணுங்கள். இதற்கு வேண்டிய தரவு முழுக்க சர்வரில் ஏற்கெனவே கிடக்கிறது, கருவூலத்தில் பணம் கேட்க வேண்டாம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்றை மட்டும் எடுத்துச் செய்தால்கூடப் போதும். மாவட்ட நிர்வாகத்திலிருந்து சிலர் வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். அடுத்த பிளஸ் டூ முடிவு வருவதற்குள் முடிக்கக்கூடிய வேலைதான் இது. எந்த அலுவலகத்தின் பெயரும் இல்லாமல் வெளியிட்டாலும் சரி.

கேள்விகள் இருந்தால் சொல்லுங்கள், பேசலாம்.